ஒரே கம்பெனி செட்டா, கலந்து கட்டுவதா?

"ஆம்ப் ஒரு கம்பெனி, ஸ்பீக்கர் வேறு கம்பெனி. ஒத்துப்போகுமா?" முதல் ஹை-ஃபை செட் வாங்கப் போகிற கிட்டத்தட்ட எல்லோரும் கேட்கிற கேள்வி இது. (ஆம்ப் என்றால் ஆம்ப்ளிஃபயர், சிக்னலைப் பெருக்கி ஸ்பீக்கரை ஓட்டுவது.) பதில் சொல்பவர்கள் இரண்டு கட்சி. எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் வடிவமைத்தால்தான் ஒன்றோடொன்று இழையும் என்பது முதல் கட்சி. எந்தக் கம்பெனியும் எல்லாவற்றிலும் கெட்டி இல்லை, ஒவ்வொன்றிலும் நல்லதாகப் பொறுக்கி எடு என்பது இரண்டாவது. இருவருமே பெட்டியின் முகப்பில் இருக்கும் பெயரைப் பார்த்துப் பேசுகிறார்கள். பார்க்க வேண்டிய இடம் பெட்டியின் பின்பக்கம். அங்கிருந்து கிளம்புகிற கேபிள் எந்த அளவு மின்னழுத்தத்தைக் கொண்டுபோகிறது, மறுமுனையில் இருப்பது எதை எதிர்பார்க்கிறது? இந்த இரண்டும் பொருந்தினால் பெயர் எதுவானாலும் சரி. பொருந்தாவிட்டால் ஒரே பெயர் இருந்தும் பயனில்லை.

## 'ஒரே கம்பெனி' என்பது எவ்வளவு உண்மை?

முதலில் இந்தப் பிரமையைக் கொஞ்சம் உரித்துப் பார்த்துவிடலாம். 1970களில் வந்த எல்எஸ்3/5ஏ என்ற சின்ன ஸ்பீக்கரை வடிவமைத்தது பிபிசி. உள்ளே இருந்து ஒலியை எழுப்பும் டிரைவர்கள் கெஃப் கம்பெனியுடையவை. உரிமம் வாங்கிச் செய்து விற்றவர்கள் ரோஜர்ஸ், ஸ்பெண்டார், ஹார்பெத் என்று பலர். இன்றைக்கும் ரசிகர்கள் கொண்டாடுகிற அந்த ஸ்பீக்கரே ஒரு கலவைதான்.

டிஜிட்டல் பக்கம் இது இன்னும் வெளிப்படை. 2020 அக்டோபரில் ஜப்பானின் நோபியோகாவில் ஏகேஎம் கம்பெனியின் சிப் தொழிற்சாலை தீப்பிடித்தது. அதன் பிறகு ஒன்றுக்கொன்று போட்டியான பல பிராண்டுகள் தங்கள் டிஏசி (டிஜிட்டலை அனலாக் சிக்னலாக மாற்றும் பகுதி) போர்டுகளை வேறு கம்பெனி சிப்புக்கு மாற்றி வடிவமைக்க வேண்டி வந்தது. முகப்பில் வேறு வேறு பெயர், உள்ளே ஒரே சப்ளையர்.

ஒரே பெயர் என்பதாலேயே பொருத்தம் வந்துவிடாது என்பதற்கு பிரிட்டிஷ் கம்பெனியான குவாட் நல்ல உதாரணம். 1957இல் வந்த அவர்களுடைய எலக்ட்ரோஸ்டாட்டிக் (மின்னழுத்தத்தால் அதிரும் மெல்லிய பேனல் கொண்ட) ஸ்பீக்கரும், அதற்கு முன்பே இருந்த குவாட் 2 வால்வு (டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய் உள்ள) ஆம்பும் அருமையான ஜோடி. ஆனால் 1975இல் அதே கம்பெனி 100 வாட் 405 ஆம்பைக் கொண்டுவந்தபோது, அதை அந்தப் பழைய ஸ்பீக்கரோடு இணைக்க மின்னழுத்தத்தை மட்டுப்படுத்தும் ஏற்பாடு தேவைப்பட்டது. இல்லையென்றால் பேனலுக்குள் பொறி பறந்து கெட்டுப்போகும் அபாயம். வீடு ஒன்றுதான், தலைமுறை வேறு.

## எதை வைத்து எடைபோடுவது?

ஒரு செட்டில் நான்கு இணைப்புகள் வரும். நான்கிலும் ஆபத்து ஒரே அளவில் இல்லை.

### மூலக் கருவியிலிருந்து ஆம்புக்கு: கவலையே வேண்டாம்

சிடி பிளேயரோ, இணையத்திலிருந்து பாட்டை எடுத்துத் தரும் ஸ்ட்ரீமரோ, டிஏசியோ, ஆர்சிஏ சாக்கெட்டில் தருவது பெரும்பாலும் 2 வோல்ட். எந்த ஆம்பின் லைன் இன்புட்டும் அதை வாங்கிக்கொள்ளும். கோஆக்சியல், ஆப்டிகல், யுஎஸ்பி எல்லாமே பொதுத் தரங்கள். ஆப்டிகலில் 96 கிலோஹெர்ட்ஸைத் தாண்டும்போது சில கருவிகள் தடுமாறும், அவ்வளவுதான். விதிவிலக்கு ஒன்று உண்டு: ஹெச்டிஎம்ஐ கேபிள் வழியாக ஐ-ஸ்கொயர்-எஸ் என்ற டிஜிட்டல் சிக்னலை அனுப்பும் இணைப்பு. கேபிள் ஒன்றானாலும் எந்தப் பின்னில் எது வரும் என்பதற்குப் பொதுவிதி கிடையாது, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதைத் தவிர இந்த இடத்தில் மனம்போலக் கலக்கலாம்.

### ஆம்பிலிருந்து ஸ்பீக்கருக்கு: இங்கேதான் வேலை இருக்கிறது

மூன்று எண்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது சென்சிடிவிட்டி. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் என்பது. 84 என்று போட்ட ஸ்பீக்கரும் 90 என்று போட்ட ஸ்பீக்கரும் கடையில் அடுத்தடுத்து நிற்கும். வெறும் 6 டெசிபல்தானே என்று தோன்றும். கணக்கு போட்டால் வேறு கதை. நீங்கள் 3 மீட்டர் தள்ளி உட்காருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தூரத்தால் சுமார் 9.5 டெசிபல் குறையும், இரண்டு ஸ்பீக்கர் இருப்பதால் 3 டெசிபல் கூடும். அப்படியானால் ஆளுக்கு ஒரு வாட் கொடுத்தால் முதல் ஜோடி உங்கள் காதுக்கு 77.5 டெசிபலும், இரண்டாவது ஜோடி 83.5 டெசிபலும் தரும். பாட்டின் உச்சத்தில் 100 டெசிபல் வேண்டுமென்றால் முதலாவதற்குச் சேனலுக்கு 178 வாட் தேவை, இரண்டாவதற்கு 45 வாட் போதும். நிஜ அறையில் சுவர்கள் ஒலியைத் திருப்பியனுப்புவதால் இரண்டுக்குமே இதைவிடக் குறைவாகத்தான் ஆகும். ஆனால் நாலு மடங்கு வித்தியாசம் அப்படியே நிற்கும். அதே சமயம், சராசரியாக 80 டெசிபலில் கேட்கிறவருக்கு 84 டெசிபல் ஸ்பீக்கர்கூட 2 வாட்டுக்கு மேல் கேட்காது. மீதி எல்லாம் உச்சங்களுக்கான இருப்பு. ஆகவே 'எத்தனை வாட் ஆம்ப் வாங்குவது?' என்ற கேள்விக்கு ஸ்பீக்கர் எது, எவ்வளவு தூரம், எவ்வளவு சத்தம் என்று தெரியாமல் பதிலே கிடையாது.

இதில் ஒரு பித்தலாட்டம் உண்டு. பல கம்பெனிகள் 'ஒரு வாட்' என்று போடாமல் '2.83 வோல்ட்' என்று போடும். 8 ஓம் ஸ்பீக்கரில் அது ஒரு வாட். 4 ஓமில் அது 2 வாட். அதாவது 4 ஓம் ஸ்பீக்கருக்கு எண் 3 டெசிபல் கூடுதலாகத் தெரியும்.

இரண்டாவது இம்பிடன்ஸ், அதாவது மின்சாரத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் எதிர்ப்பு. பெட்டியில் '8 ஓம்' என்று இருப்பது சராசரிப் பெயர்தான். அலைவரிசைக்கு ஏற்ப அது ஏறி இறங்கும். சர்வதேச தரப்படி, போட்ட எண்ணில் 80 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. 8 ஓம் என்றால் 6.4தான் அடிமட்டம். ஆனால் '8 ஓம்' என்று விற்றுவிட்டு பேஸ் பகுதியில் 4 ஓமுக்கும் கீழே போகிறவை சந்தையில் ஏராளம். அதனால் விவரத் தாளில் 'குறைந்தபட்ச இம்பிடன்ஸ்' என்ற வரியைத் தேடுங்கள். ஆம்ப் பக்கம், 8 ஓமுக்கும் 4 ஓமுக்கும் தனித்தனியாக வாட் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். 4 ஓமில் வாட் நன்றாக ஏறினால் கரண்ட் கொடுக்கும் திராணி இருக்கிறது என்று அர்த்தம். 4 ஓமைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாத ஆம்பை, முரட்டு ஸ்பீக்கரோடு சேர்க்காமல் இருப்பது நல்லது.

மூன்றாவது ஆம்பின் அவுட்புட் இம்பிடன்ஸ். டிரான்சிஸ்டர் ஆம்புகளில் இது பொருட்படுத்த வேண்டாத அளவு சின்னது. வால்வு ஆம்பில் 2 ஓம் இருப்பது சகஜம். அதோடு 4 ஓமுக்கும் 20 ஓமுக்கும் இடையில் ஏறி இறங்கும் ஸ்பீக்கரைச் சேர்த்தால், இம்பிடன்ஸ் குறைகிற இடங்களைவிட ஏறுகிற இடங்கள் சுமார் 2.7 டெசிபல் தூக்கலாக ஒலிக்கும். 'இந்த ஜோடியில் ஒரு தனிச் சுகம் இருக்கிறது' என்று ரசிகர்கள் உருகுவதில் பாதி இந்தக் கணக்குதான். அதே ஆம்பை இன்னொரு ஸ்பீக்கரோடு போட்டால் அந்தச் சுகம் காணாமல் போவதும் இதனால்தான்.

### ப்ரீ ஆம்பிலிருந்து பவர் ஆம்புக்கு: கேட்டுவிட்டு வாங்குங்கள்

ப்ரீ ஆம்ப் சத்தத்தைக் கட்டுப்படுத்தும், பவர் ஆம்ப் ஸ்பீக்கரை ஓட்டும். இரண்டும் ஒரே பெட்டியில் இருக்கும் இண்டக்ரேட்டட் ஆம்ப் வாங்குகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடலாம். தனித்தனியாக வாங்குகிறவர்களுக்கு இரண்டு பொறிகள்.

ஒன்று, இம்பிடன்ஸ். பவர் ஆம்பின் இன்புட், ப்ரீ ஆம்பின் அவுட்புட்டைப்போல் குறைந்தது பத்து மடங்கு இருக்க வேண்டும். வால்வு ப்ரீ ஆம்பின் வாசலில் ஒரு மைக்ரோஃபாரட் கபாசிட்டர் இருந்து, எதிரே 10 கிலோ ஓம் பவர் ஆம்ப் வந்தால் 16 ஹெர்ட்ஸிலேயே 3 டெசிபல் போய்விடும். ஆழ்ந்த பேஸ் சற்று மெலியத் தொடங்கும். எதிரே 47 கிலோ ஓம் என்றால் பிரச்சினையே இல்லை.

இன்னொன்று, கெயின், அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவு. பவர் ஆம்புக்கு 28 டெசிபல் கெயின், அதாவது 25 மடங்கு என்று வையுங்கள். 100 வாட் தர அதற்கு 1.13 வோல்ட் போதும். சிடி பிளேயரே 2 வோல்ட் தருகிறது. நடுவில் ப்ரீ ஆம்ப் இன்னும் 15 டெசிபல் தூக்கினால் என்ன ஆகும்? வால்யூம் குமிழை நூலளவு திருப்பினாலே வீடு அதிரும். ராத்திரி மெதுவாகக் கேட்கப் போனால் ஒரு பக்கம் மட்டும் கேட்கும், ஏனென்றால் சாதாரண வால்யூம் குமிழ்கள் அடிப்பகுதியில் இரண்டு சேனலையும் சமமாகப் பிரிப்பதில்லை. ஒரே கம்பெனியின் ப்ரீ-பவர் ஜோடியில் இதையெல்லாம் அவர்களே பார்த்திருப்பார்கள். கலக்கும்போது நாம்தான் பார்க்க வேண்டும்.

### கார்ட்ரிட்ஜ், டோன் ஆர்ம், ஃபோனோ ஸ்டேஜ்

வினைல் இசைத்தட்டு கேட்காதவர்கள் அடுத்த பகுதிக்குப் போகலாம். ஊசியைத் தாங்குவது கார்ட்ரிட்ஜ், அதைத் தாங்கும் கை டோன் ஆர்ம், அதன் மெல்லிய சிக்னலைப் பெருக்குவது ஃபோனோ ஸ்டேஜ். காந்தம் அசையும் எம்எம் கார்ட்ரிட்ஜ் தருவது 3 முதல் 5 மில்லிவோல்ட். கம்பிச்சுருள் அசையும் எம்சி பெரும்பாலும் அதில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் தரும். 40 டெசிபல் கெயின் உள்ள எம்எம் ஸ்டேஜில் 0.3 மில்லிவோல்ட் எம்சியைக் கோத்தால் 30 மில்லிவோல்ட்தான் வெளியே வரும். வால்யூமைக் கடைசி வரை திருப்பியும் பாட்டை முந்திக்கொண்டு இரைச்சல்தான் வரும். எம்சிக்கு 60 டெசிபல் வாக்கில் வேண்டும்.

டோன் ஆர்மின் எடையும் ஊசியின் நெகிழ்வும் சேர்ந்து ஒரு அதிர்வெண்ணில் ஆடும். அது 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் இருந்தால் நல்லது. ஆர்ம், கார்ட்ரிட்ஜ், ஸ்க்ரூ எல்லாம் சேர்த்து 19 கிராம், நெகிழ்வு 15 என்றால் சுமார் 9.4 ஹெர்ட்ஸ்; கச்சிதம். அதே ஆர்மில் நெகிழ்வு 30 உள்ள கார்ட்ரிட்ஜைப் போட்டால் 6.7 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும், லேசாக வளைந்த தட்டுகளில் ஊசி அலைபாயும். கவனிக்க வேண்டியது: ஜப்பானியக் கம்பெனிகள் பல இந்த நெகிழ்வை 100 ஹெர்ட்ஸில் அளந்து போடுகின்றன. 10 ஹெர்ட்ஸில் அது ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரை வரும். எண்ணை அப்படியே சூத்திரத்தில் போட்டால் விடை தப்பும்.

மின்சாரம் சாராத அளவுகோல்களும் மூன்று இருக்கின்றன: தினசரி வசதி, கெட்டால் யார் பொறுப்பு, எத்தனை வருஷம் தாங்கும். இவற்றைக் கீழே ஒவ்வொரு வழியோடும் சேர்த்தே பார்த்துவிடலாம்.

## வழி 1: எல்லாம் ஒரே கம்பெனி

தொந்தரவு இல்லாத வழி. ஒரு ரிமோட், ஒரே உயர அகலத்தில் பெட்டிகள், ஒன்றை ஆன் செய்தால் மற்றதும் விழித்துக்கொள்ளும். எது கெட்டாலும் ஒரே இடத்தில் போய் நிற்கலாம். இந்தக் கடைசி வசதியை அனுபவிக்கும் வரை அதன் அருமை தெரியாது. கலப்பு செட்டில் 'ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல் வந்தால் ஆம்ப்காரர் ஸ்ட்ரீமரைக் கைகாட்டுவார், ஸ்ட்ரீமர்காரர் ஆம்பைக் கைகாட்டுவார்.

மறைந்திருக்கும் செலவு, வெளியேறும்போது தெரியும். சில கம்பெனிகள் பொதுவான சாக்கெட்டை விட்டுத் தங்களுக்கென்று ஒரு ஏற்பாடு வைத்திருப்பார்கள். பிரிட்டிஷ் கம்பெனியான நெய்மின் பழைய ப்ரீ ஆம்புகள் டிஐஎன் (DIN) என்ற பல பின் கேபிள் வழியாகச் சிக்னலை அனுப்புவதோடு, அதே கேபிளில் பவர் ஆம்பிலிருந்து மின்சாரத்தையும் வாங்கிக்கொள்ளும். அந்தப் பவர் ஆம்புகளோ, ஸ்பீக்கர் கேபிளே ஒரு சின்ன இண்டக்டராக (மின்சுருளாக) உதவும் என்ற கணக்கில் வடிவமைக்கப்பட்டவை. அதனால்தான் தங்கள் கேபிளைக் குறைந்தது 3.5 மீட்டராவது போடச் சொன்னார்கள். பேங் அண்ட் ஓலுஃப்சனுக்கும் பவர்லிங்க் என்று சொந்த இணைப்பு உண்டு. உள்ளே இருக்கும் வரை எல்லாம் சுகம். ஒன்றை மட்டும் மாற்ற நினைத்தால் அடாப்டர் தேட வேண்டும், அல்லது எல்லாவற்றையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

இன்னொன்று, ஆம்பில் பெயர் எடுத்த கம்பெனி ஸ்பீக்கரிலும் அதே தரத்தில் இருப்பது அபூர்வம். இரண்டும் வேறு வேறு கலை.

## வழி 2: மின்னணு ஒரு கம்பெனி, ஸ்பீக்கர் வேறு

யாராவது ஒரு வரியில் பதில் கேட்டால் நான் சொல்வது இதைத்தான். ஆம்பும் மூலக் கருவிகளும் ஒரே கம்பெனி. ரிமோட், கெயின், தோற்றம் எல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஸ்பீக்கரை மட்டும் உங்கள் அறைக்கும் காதுக்கும் ஏற்ப வெளியே தேடுங்கள். ஒலியில் மிகப் பெரிய வித்தியாசம் வருவது ஸ்பீக்கரிலும் அறையிலும்தான், டிஏசியை மாற்றுவதில் இல்லை. கலப்பு இங்கே ஒரே இடத்தில் மட்டும் நடக்கிறது, அந்த இடத்துக்கான மூன்று எண்கள் மேலே இருக்கின்றன.

வரிசையும் முக்கியம். ஸ்பீக்கரை முதலில் முடிவு செய்யுங்கள், ஆம்ப் பிறகு. தலைகீழாகச் செய்தால், 84 டெசிபல் 4 ஓம் ஸ்பீக்கர் ஒன்றில் மனம் போன பிறகு, கையில் இருக்கும் சின்ன ஆம்பைப் பார்த்து முழிக்க வேண்டியிருக்கும்.

## வழி 3: ஒவ்வொன்றும் ஒரு கம்பெனி

வரலாற்றில் பேர்போன செட்டுகள் பல இப்படித்தான் உருவாயின. 1970களில் லின் டர்ன்டேபிளும் நெய்ம் ஆம்பும் ஜோடியாகவே விற்றன. இரண்டும் தனித்தனி நிறுவனங்கள். நன்றாகச் செய்தால் இந்த வழியில் கிடைப்பது வேறெதிலும் கிடைக்காது. ஒன்று பழசானால் அதை மட்டும் மாற்றலாம். செகண்ட் ஹேண்டில் நல்லது கண்ணில் பட்டால் உள்ளே சேர்த்துக்கொள்ளலாம்.

செலவுகள் சில்லறையாக வந்து சேரும். கேபிள்கள், நாலு ரிமோட், ஆளுக்கொரு பவர் அடாப்டர், ஆழம் வெவ்வேறான பெட்டிகளுக்கு ஒரு ரேக். எர்த் உள்ள கருவிகள் இரண்டு மூன்று சேரும்போது கிரவுண்ட் லூப் ஹம் (எர்த் வழியாகச் சுற்றும் மின்சாரத்தால் வரும் 'ம்ம்ம்' இரைச்சல்) எட்டிப் பார்க்கும். எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்குக் கொண்டுவந்தாலே பெரும்பாலும் குறையும். இல்லையென்றால் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடலாம். எர்த் பின்னை வெட்டி எறியச் சொல்லும் ஆலோசனையை மட்டும் எந்த நாளும் கேட்காதீர்கள், அது உயிர் சம்பந்தப்பட்டது.

பை-ஆம்ப் ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பேஸுக்கு ஒரு கம்பெனி ஆம்ப், ட்ரெபிளுக்கு இன்னொரு கம்பெனி ஆம்ப் என்று போட்டால், ஒன்றின் கெயின் 26, மற்றதின் கெயின் 29 டெசிபல் என்றாலே ஒரு பகுதி 3 டெசிபல் தூக்கலாகிவிடும். கெயின் ஒன்றாக இல்லாவிட்டால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

பெரிய செலவு பணத்தில் இல்லை. ஒவ்வொரு பெட்டியும் தனித்தனியாக மாற்றக்கூடியது என்பதால், எப்போதும் ஏதோ ஒன்று மாற்றப்பட வேண்டியதாகவே தோன்றும். பாட்டைக் கேட்கிற நேரத்தைவிட அடுத்த பெட்டியைப் பற்றிப் படிக்கிற நேரம் கூடிக்கொண்டே போகும். உங்கள் சுபாவம் உங்களுக்குத் தெரியும்.

## வழி 4: ஆக்டிவ் ஸ்பீக்கர், அல்லது எல்லாம் ஒரே பெட்டியில்

2016இல் வந்த கெஃப் எல்எஸ்50 வயர்லெஸ் போன்றவற்றில் ஆம்ப், டிஏசி, ஸ்ட்ரீமர் எல்லாம் ஸ்பீக்கருக்குள்ளேயே இருக்கின்றன. ஒவ்வொரு டிரைவருக்கும் தனி ஆம்ப். பொருத்தம் பார்க்கும் வேலையை இன்ஜினியர் அளந்து முடித்துவிட்டார். இடம் குறைவாக உள்ளவர்களுக்கும், கேபிள் என்றாலே அலர்ஜி உள்ளவர்களுக்கும் இதைத் தாண்டி யோசிக்க வேண்டாம்.

குறை, ஆயுளில் இருக்கிறது. நல்ல ஆம்பும் ஸ்பீக்கரும் இருபது வருஷம் ஓடும். ஸ்ட்ரீமிங் மென்பொருள் அப்படி இல்லை. 2020 ஜனவரியில் வயர்லெஸ் ஸ்பீக்கர் கம்பெனியான சோனோஸ் தன் பழைய கருவிகளுக்குப் புது மென்பொருள் இனி வராது என்று அறிவித்தபோது, நன்றாகப் பாடிக்கொண்டிருந்த பெட்டிகளே பழசாகிப் போயின. எனவே இந்த வழியில் போகிறவர்கள், பின்பக்கம் ஒரு சாதாரண அனலாக் இன்புட்டும் ஒரு ஆப்டிகல் இன்புட்டும் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். ஆப் செத்தாலும் வெளியிலிருந்து ஒரு ஸ்ட்ரீமரைச் சேர்த்து ஓட்டலாம்.

## பக்கத்தில் பக்கத்தில்

| அளவுகோல் | ஒரே கம்பெனி | ஸ்பீக்கர் மட்டும் வேறு | முழுக் கலவை | ஆக்டிவ் |
|---|---|---|---|---|
| பொருத்தம் பார்க்கும் வேலை | மிகக் குறைவு | ஒரே இடம் | எல்லா இணைப்பிலும் | இல்லை |
| தினசரி வசதி | நன்று | நன்று | சுமார் | மிக நன்று |
| கெட்டால் பொறுப்பு | ஒருவர் | இருவர் | ஆளாளுக்குக் கைகாட்டுவார்கள் | ஒருவர், ஆனால் செட் முழுக்க நின்றுவிடும் |
| பகுதி பகுதியாக மாற்ற | சொந்த இணைப்பு இருந்தால் கடினம் | எளிது | மிக எளிது | முடியாது |
| மறைமுகச் செலவு | வெளியேறும்போது | குறைவு | கேபிள், ரேக், ஆசை | மென்பொருள் ஆயுள் |

## யாருக்கு எது?

வீட்டில் வேறு ஆட்களும் இந்த செட்டை இயக்கப் போகிறார்கள் என்றால் ஒன்றாவது அல்லது நான்காவது வழி. ஆம்பில் எந்தக் குமிழ் எதற்கு, எந்த ரிமோட் எதற்கு என்று தினமும் பாடம் எடுப்பதற்குப் பதில் அது மேல்.

அறை பெரியது, தள்ளி உட்காருகிறீர்கள், இசையை உட்கார்ந்து கேட்பவர் என்றால் இரண்டாவது. வினைல் பைத்தியம் உள்ளவர்களுக்கு மூன்றாவது வழியிலிருந்து தப்ப முடியாது, ஏனென்றால் கார்ட்ரிட்ஜ் தேய்ந்து மாற்றும்போதெல்லாம் கலப்பு தானாகவே வந்துவிடும். வால்வு ஆம்ப் மேல் ஆசை உள்ளவர்களும் அங்கேதான் போய்ச் சேருவார்கள். அவர்கள் 90 டெசிபலுக்கு மேலே, இம்பிடன்ஸ் பெரிதாக ஏறி இறங்காத ஸ்பீக்கராகத் தேடட்டும்.

ஏற்கெனவே ஒரு நல்ல ஜோடி ஸ்பீக்கர் வீட்டில் இருக்கிறது, அப்பா வாங்கியது, மாமா கொடுத்தது என்றால் நான்காவது வழி உங்களுக்கு இல்லை. அதன் விவரத் தாள் கிடைக்காவிட்டால் மல்ட்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து, கேபிளைக் கழற்றிய ஸ்பீக்கரின் இரு முனைகளிலும் தொட்டுப் பாருங்கள். காட்டுவது டிசி மின்தடை. இம்பிடன்ஸின் அடிமட்டம் பெரும்பாலும் அதற்குச் சற்று மேலேதான் இருக்கும். 6 ஓம் வாக்கில் காட்டினால் எந்த ஆம்பும் தாங்கும். 3 ஓம் வாக்கில் காட்டினால் 4 ஓமுக்கு வாட் போட்டிருக்கும் ஆம்பாகப் பார்த்து வாங்குங்கள்.